கல் கட்டாத புடலை

புடலை இரவில்தான் பூக்கும்.
அது எனக்கு வசதி.

கடைசிப் பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டு
புக்கிட் பாத்தோக், பதினோராம் மாடிக்கு
நான் வந்து சேர ஒன்றே கால்.
மின்தூக்கி திறந்தால்
தாழ்வார விளக்கின் கீழே
நுனி பிரிந்த நூல்களாய்
ஆண் பூக்கள் ஏழு.
பெண் பூ ஒன்றே ஒன்று,
பிஞ்சை முதுகில் சுமந்தபடி.

இத்தனை உயரத்துக்கு அந்துப்பூச்சி ஏறி வருவதில்லை.
காது குடையும் பஞ்சுக்குச்சியோடு
சீருடையில் நான்தான் தூது.
அங்கே ஒரு தொடல், இங்கே ஒரு தொடல்.
அடுத்த நிறுத்தம் அடுத்த பூ.

முதல் ஆண்டில் எல்லாம் செத்தன.
தேக்காவில் ஒன்றரை வெள்ளிக்கு வாங்கிய கொத்தமல்லி
நாலு இலை விட்டது,
யோசித்தது,
படுத்துக்கொண்டது.
தக்காளி என் தோளுக்கு வளர்ந்து
பூத்து உதிர்த்து, பூத்து உதிர்த்து,
ராத்திரியும் குளிராத ஊரில்
காய்க்க மனசு வரவில்லை அதற்கு.
வெண்டைக்கு மாவுப்பூச்சி.
பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து
இலை இலையாகத் துடைத்தேன்.
பேருந்துக் கண்ணாடியைக்கூட
அப்படித் துடைத்ததில்லை.

பிழைத்தது சாமந்தி.
தீபாவளி இரவு, கடைசி நடை,
பின்னிருக்கையில் யாரோ விட்டுப்போன மாலை.
தொலைந்த பொருள் பதிவேட்டில்
குடை எழுதினேன், ஒற்றைச் செருப்பு எழுதினேன்.
மாலையை எழுதவில்லை.
காயவைத்து, உதிர்த்து, தூவினேன்.
உரியவர் வந்து கேட்டால்
தொட்டியோடு கொடுத்துவிடலாம்.

நகர மன்றம் கடிதம் போட்டது:
வழி ஒன்று புள்ளி இரண்டு மீட்டர் இருக்க வேண்டும்.
பன்னிரண்டு மீட்டர் வண்டியை
வளைவு வளைவாய்த் திருப்புகிறவளுக்கு
இது விடத் தெரியாதா?
அளந்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன்.
டெங்கி பார்க்க வந்த பையன்
கைவிளக்கடித்துத் தட்டுத் தட்டாய்க் குனிந்தான்.
எல்லாவற்றிலும் மணல்.
போகும்போது, "வெண்டை நல்லா இருக்கு" என்றான்,
மலாயில்.

புடலம்பிஞ்சின் நுனியில் கல் கட்டினால்
காய் நேராக இறங்கும்.
பதினோராம் மாடிக் கைப்பிடிக்கு வெளியே
கல் தொங்கினால்
அதற்கு வேறு பெயர், வேறு சட்டம்.
கல் இல்லையே என்று பழைய பூட்டைக் கட்டினேன்.
அன்றைக்கென்று விடியற்காலை
சுமத்ராக் காற்று.
சன்னல்கள் அடிக்க அடிக்க
கீழே காப்பி வாங்கிவரும் ஒரு தலை
என் கண்ணுக்குள் நடந்துகொண்டே இருந்தது.
எழுந்து ஓடி
நனைந்துகொண்டே நூலை அறுத்தேன்.
பூட்டு என் கையில்.
காய் தன் பாட்டுக்கு ஆடியது.

அப்புறம் அது நேராக வளரவே இல்லை.
கம்பியைச் சுற்றி, தொட்டியைச் சுற்றி,
வட்டாரச் சேவைப் பேருந்து மாதிரி
புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தது.

பக்கத்து வீட்டு கோ செங் ஹுவாட்
கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"இது காயா, வளர்க்கிறாயா?"
பாம்பு என்று சைகை காட்டினார்.
என் பெயரும் பாம்புதான் என்று
நான் சொல்லவில்லை.
அவருக்கு நான் இன்னும் வா-சூ-கீ.
பாதி வெட்டிக் கொடுத்தேன்.
டப்பா திரும்பி வந்தபோது
உள்ளே வேரோடு ஒரு பண்டான் கன்று,
ஈரத்தாளில் சுற்றி.
ருசி எப்படி என்று அவர் சொல்லவில்லை.

ஒரு காயை விதைக்கு விட்டிருக்கிறேன்.
மஞ்சளாகி, ஆரஞ்சாகி,
மைனாக்கள் தினமும் வந்து
தேதி கேட்டுப்போகின்றன.

இந்த வாரம் எனக்குக் காலை வேலை.
பத்து மணிக்கே தூங்கியாக வேண்டும்.
குச்சிப் பெட்டியை கோவிடம் கொடுத்து
எது ஆண், எது பெண் என்று காட்டினேன்.
அவருக்குத் தூக்கம் வராது, எனக்குத் தெரியும்;
சுவருக்கு அப்பால் வானொலி கேட்கும்.

நாலு மணிக்குக் கதவைத் திறந்தேன்.
பூக்கள் இன்னும் சுருளவில்லை.
கைப்பிடிச் சுவர்மேல்
ஒரு பஞ்சுக்குச்சி,
இரண்டு நுனியிலும் மஞ்சள்.